ஆல்-இன்-ஒன் பிரிண்டர்ல ஸ்கேனர் நல்லதான்னு எப்படிப் பாக்குறது? (அவசரம்)

ஏத்தங்காய்:
நாளைக்கு மார்த்தாண்டம் போய் எடுக்கணும். ரெண்டு மாடல் பாத்து வச்சிருக்கு. ஒண்ணுல ஸ்கேன் 600x1200 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு), மத்ததுல 1200x2400. ரெண்டாவது 3000 ரூவா கூட. ஸ்கேன்தான் முக்கியம். எது எடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

இரணியல்காரன்:
என்னத்தை ஸ்கேன் பண்ணணும்? ஃபோட்டோவா, புக்கா, ஆபீஸ் பேப்பரா? பேப்பர் சைஸ் என்ன? ஏடிஎஃப் (தாளைத் தானா இழுத்து ஸ்கேன் பண்ற பகுதி) வேணுமா?

திற்பரப்பு77:
ரெண்டும் வேண்டாம். இந்த ரகத்துல பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார்தான், கண்ணாடிக்கு ஒட்டி அடியில ஓடுற மெல்லிசு வகை. கண்ணாடியில ஒட்டிக் கிடக்குறது மட்டும் தெளிவா வரும், கொஞ்சம் எழும்பினா மங்கிரும். சிசிடி (கண்ணாடி, லென்ஸ் வழியா படம் பிடிக்கிற பழைய வகை சென்சார்) உள்ள தனி ஸ்கேனர் பாருங்க.

வேளிமலை (மூத்த உறுப்பினர்):
பெட்டியில உள்ள நம்பரைப் பாத்து மயங்குறதை எப்பதான் விடப்போறியளோ. 600x1200ல சின்ன நம்பர்தான் சென்சார், பெருசு மோட்டார் நகருற கணக்கு. 19200ன்னு போட்டிருந்தா அது சாஃப்ட்வேர் ஊதிப் பெருக்கினது. எழுத்துக்கு 300 போதும், பொடி எழுத்துக்கும் முத்திரைக்கும் 600. ஏ4 கலர்ல சுருக்காம வச்சா 300க்கு 26 எம்பி, 600க்கு 104, 1200க்கு 400 தாண்டும். எங்க கொண்டு வைக்கப்போறீங்க?
கடைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் கொண்டு போங்க. கண்ணாடியில கவுத்து, ஒரு முனைக்கு அடியில நாணயம் ஒண்ணு வச்சு 600ல ஸ்கேன் பண்ணுங்க. மில்லிமீட்டர் கோடு கலங்க ஆரம்பிக்குற இடத்துல ஸ்கேல் எவ்வளவு எழும்பி நிக்குதோ, தாள்ல மடிப்பு இருந்து அவ்வளவு எழும்பினா அங்க எழுத்தும் போச்சு. பிறகு வெறும் வெள்ளைத்தாள் ஸ்கேன் பண்ணி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்க. நெடுக கோடு விழுந்தா அந்தப் பீஸை எடுக்காதீங்க.

ஏத்தங்காய்:
அப்பா வச்சிருந்த பழைய பத்திரம் அண்ணே. மலையாளத்துல எழுதினது, மடிச்சு மடிச்சு வச்சது.

இரணியல்காரன்:
இதை முதல்லயே சொல்லப்பிடாதா! தாளை அளந்து பாருங்க. ஏ4 கண்ணாடி 297 மிமீதான், லீகல் தாள் 356. மூடியைத் திறந்து வச்சு மேல்பாதி, கீழ்பாதின்னு ரெண்டா எடுத்து ஒட்டணும். கண்ணாடி ஓரத்துல உள்ள சட்டம் தாளைத் தூக்கும், அந்த ஓரம் மங்கும். அதனால ரெண்டு ஸ்கேன்லயும் நடுப்பகுதி நல்லா பொதுவா வரட்டும்.

கொல்லங்கோடு_ஷாஜி:
ஏடிஎஃப்ல லீகல் போகுமே, ஏன் ஒட்டிக்கிட்டு கிடக்கணும்?

இரணியல்காரன்:
மடிப்புல இத்துப்போன தாளை ரோலர்ல விட்டா கிழிஞ்சு வரும். மூலப் பத்திரமாக்கும் அது.

கொல்லங்கோடு_ஷாஜி:
அப்ப ஃபோன்லயே எடுக்கலாம். 12 மெகாபிக்சல் இருக்கு.

வேளிமலை:
12 மெகாபிக்சல்னா நீளவாட்டுல 4000 பிக்சல். அதை லீகல் தாளோட 14 இஞ்சுக்குப் பங்கு வைங்க, இஞ்சுக்கு 285 வரும். அதுவும் தாள் ஃபிரேமுக்குள்ள கச்சிதமா நின்னா. மடிப்போட நிழல் வேற.

திற்பரப்பு77:
சிசிடி வாங்கினா மடிப்பு இவ்வளவு மங்காது.

வேளிமலை:
அவரு கேட்டது பிரிண்டர்.

கொல்லங்கோடு_ஷாஜி:
இங்க் டேங்கா லேசரா? மாசம் நாலு பக்கம் அடிக்கிறவருக்கு இங்க் டேங்க்ல ஹெட் காஞ்சு அடைச்சுக்கலாம்.

சுங்கான்கடை:
அதுக்கு வேற இழை போடுங்கப்பா. ஏத்தங்காய், செட்டிங்ஸ்ல பின்னணி நீக்கம், டெக்ஸ்ட் மோட் ரெண்டையும் நிறுத்துங்க. இல்லன்னா வெளிறின மையும் முத்திரையும் அழுக்குன்னு நினைச்சு வெளுத்துத் தள்ளிரும். 24 பிட் கலர், டிஃப் (TIFF, தரம் குறையாம சேமிக்கலாம்) ஃபைல். ரெண்டு பக்கமும் எழுத்து இருந்தா பின்னால கறுப்புத் தாள் வைங்க, மறுபக்க எழுத்து அவ்வளவா தெரியாது.

ஏத்தங்காய்:
600 உள்ளதே எடுத்தாச்சு. ஸ்கேல்ல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருந்துது. தேங்ஸ்.

இரணியல்காரன்:
தாள் நீளம் எவ்வளவு இருந்துது?

திற்பரப்பு77:
சிஐஎஸ்தானே? மடிப்பு மங்கும், பாருங்க.