கடலைக் குத்தகைக்கு விட்டால் வலையை எங்கே விடுவது?

செருதூர்க்காரி:
வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் செருதூர் எங்கள் ஊர். அப்பாவும் தம்பியும் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார்கள். சீசனுக்குக் கோடியக்கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள்.

கடலில் காற்றாலை வைக்க 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500. இங்கே பார்த்திருப்பது மன்னார் வளைகுடாப் பக்கம், எங்கள் கரை இல்லை. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. அப்பா ராத்திரி விடுகிற வலை ஒரே இடத்தில் நிற்காது. நீரோட்டம் இழுக்கிற பக்கமெல்லாம் போகும். விடியற்காலம் எங்கேயோ போய்த்தான் ஏற்றுவார்கள். கம்பத்தைச் சுற்றி 500 மீட்டர் விலகச் சொன்னால் படகு விலகும், வலை விலகுமா?

நிலத்தில் எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று போராடி, 2020-இல் டெல்டாவுக்கு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கடலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் பொதுவான கடலை ஒரு கம்பெனிக்குக் கொடுக்க யாருக்கு உரிமை?

தஞ்சை வக்கீல்:
அரசியல் சட்டம் 297-ஆவது பிரிவுப்படி கடலடி வளம் மத்திய அரசைச் சேர்ந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை மீன்பிடிப்பு மாநிலப் பொறுப்பு. கீழே இருக்கும் மண் ஒருவர் கையில், மேலே மீன் இன்னொருவர் கையில். 2023-இல் கடல் காற்றாலைக் குத்தகைக்குத் தனி விதிகளும் வந்துவிட்டன. அதனால் மனு கொடுத்தால் இரண்டு அரசுக்கும் கொடுங்கள்.

மயிலாடுதுறைக்காரன்:
பாஸ்டனில் சில வருடம் இருந்தேன். அங்கே நான்டக்கெட் கடலில் 130 காற்றாலை வைக்க கேப் விண்ட் என்ற தனியார் திட்டம் 2001-இல் கிளம்பியது. ஏலமே இல்லாமல் பொதுக் கடலைத் தனியாருக்குத் தருவதா என்றுதான் பெரிய சண்டை. கடலோர பங்களாக்காரர்களும் மீனவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். காரணம் மட்டும் வேறு வேறு. 2010-இல் அனுமதி கிடைத்தும் 2017-இல் கைவிட்டார்கள்.

அப்புறம் அதே வட்டாரத்தில் வந்த திட்டங்களில் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கடல் மைல் இடைவெளி என்று முடிவானது. மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது அது. அதுவும் போதாது, படகு போக அகலமான வழி வேண்டும் என்றார்கள். நீங்களும் வரைபடம் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.

வேதாரண்யம் தென்னந்தோப்பு:
2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். எண்ணெய்க் கிணறு தோண்டுவதைவிடக் காற்று நல்லது என்பது என் எண்ணம். ஆனால் நீங்கள் சொல்லும் வலை விஷயம் எனக்கு இதுவரை தெரியாது.

செருதூர்க்காரி:
நானும் காற்றாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை, அண்ணா. எங்களைக் கேட்டு வையுங்கள் என்கிறேன். தம்பி ஜிபிஎஸ் வைத்திருக்கிறான். வலை விட்ட இடம், ஏற்றிய இடம் இரண்டையும் இந்தச் சீசன் முழுக்க நோட்டில் எழுதச் சொல்லிவிட்டேன். கொட்டகையில் இருக்கும் மற்ற படகுக்காரர்களிடமும் கேட்பேன். வக்கீல் சார், அந்த 2023 விதிகள் தமிழில் கிடைக்குமா? ஊர் பஞ்சாயத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.