மூன்று மூட்டை கோலி சோடா உடைசல்: வீட்டு முன்னால் போடலாமா?

கரிசல்காட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு சாத்தூர் பக்கம். என் மாமனார் முப்பது வருடத்துக்கு மேல் கோலி சோடா போட்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் கொடுத்தவர். பட்டறையை மூடி ரொம்ப நாளாகிவிட்டது, அவரும் போன வருடம் தவறிவிட்டார். போன மாதம் பின்னால் இருந்த கொட்டகையைப் பிரித்தபோது மூலையில் மூன்று சாக்கு மூட்டை கண்ணாடி உடைசல் இருந்தது. கேஸ் ஏற்றும்போது வெடித்தது, வண்டியில் போகும்போது உடைந்தது, எல்லாவற்றையும் யார் காலிலும் குத்தக் கூடாது என்று அவர் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார். எடை போட்டால் 118 கிலோ. உடையாத பாட்டில் 40 தேறியது, அப்புறம் ஒரு டின் நிறைய கோலி.

காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு உடைசலுக்குப் பெரிதாக விலை இல்லை என்றார். விலை கிடைத்தாலும் எனக்குக் கொடுக்க மனசில்லை. அந்த இளம்பச்சை நிறம் வெயிலில் பிடித்துப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. வெளிநாட்டில் கண்ணாடியை உருட்டி முனை மழுக்கி, கூழாங்கல்லுக்குப் பதிலாகத் தோட்டத்தில் பரப்புகிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். கேட்டுக்கும் வராண்டாவுக்கும் நடுவில் 4 அடிக்கு 12 அடி இடம் இருக்கிறது. அதில் துளசி மாடம், இரண்டு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை. அங்கே முழுக்கப் பரப்பலாமா? வீட்டிலேயே முனை மழுக்க முடியுமா? வெயிலுக்கு செடி தாங்குமா? வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான், செருப்பில்லாமல்தான் ஓடுவான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜல்லிமணல்

சகோதரி, நான் கோவில்பட்டியில் கட்டிட வேலை எடுத்துச் செய்கிறவன். பீர் பாட்டிலை வைத்து என் வீட்டுக்கே செய்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், வீட்டில் முடியும். கான்கிரீட் போடும் சின்னக் கலவை மிஷின் ஒன்று வாடகைக்கு எடுங்கள். அதற்கு முன்னால் வேலை இருக்கிறது. கழுத்துத் துண்டுகளில் உள்ளே ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். பெரிய துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி சுத்தியலால் தட்டி, முக்கால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் கொண்டுவாருங்கள். கால் அங்குலச் சல்லடையில் சலித்தால் கீழே விழும் தூளும் ஊசிச் சில்லும் நமக்கு வேண்டாம்.

மிஷினில் ஒரு தடவைக்கு 40 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். இரண்டு பாண்டு கண்ணாடிக்கு ஒரு பாண்டு மணல், நனைந்து புரளும் அளவுக்குத் தண்ணீர், கூடவே உருண்டையான கூழாங்கல் பத்து இருபது போட்டால் முனை சீக்கிரம் தேயும். எனக்கு ஒரு சுற்றுக்கு ஆறேழு மணி நேரம் ஆனது, உங்கள் கண்ணாடி தடிப்பானது, இன்னும் கொஞ்சம் கூட ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் காய்ந்த நிலையில் ஓட்டக் கூடாது, மணல் தூசியும் கண்ணாடித் தூசியும் நுரையீரலுக்குப் போகும். முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, தோல் கையுறை மூன்றும் கட்டாயம். சத்தம் அதிகம், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேய்ந்ததா என்று பார்க்கக் கையை வைத்துத் தடவ வேண்டாம். ஒரு பிடி பஞ்சு எடுத்து ஓரத்தில் இழுங்கள். நார் மாட்டினால் இன்னும் கூர் இருக்கிறது, மறுபடி மிஷினுக்குள் போக வேண்டியதுதான். கழுவுகிற சேற்றுத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அடியில் போய் இறுகிவிடும். பழைய டிரம்மில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு வண்டலை மூட்டை கட்டுங்கள்.

அளவு விஷயத்தில்தான் உங்களுக்கு ஏமாற்றம் இருக்கும். ஒரு சதுர அடியில் ஒரு அங்குலக் கனத்துக்கு மூன்றே கால், மூன்றரை கிலோ கண்ணாடி வேண்டும். இரண்டு அங்குலம் இல்லாவிட்டால் கீழே உள்ளது தெரியும். உங்கள் 48 சதுர அடிக்கு 300 கிலோவுக்கு மேல் ஆகும். உங்களிடம் சலித்துத் தேய்த்தபின் 100 கிலோ தேறினாலே பெரிது, அது 15 சதுர அடிக்கு வரும். அதனால் முழுக்கப் பரப்பும் யோசனையை விட்டுவிட்டு, கண் படுகிற ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, மீதியைப் பாதைக்குக் கான்கிரீட்டில் கலந்துவிடலாம் என்று யாராவது கொத்தனார் சொல்வார், கேட்காதீர்கள். சிமென்டில் இருக்கும் காரம் கண்ணாடியில் இருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து பசை மாதிரி ஒன்றை உண்டாக்கும், அது ஈரத்தை இழுத்து உப்பும். கொஞ்ச வருடத்தில் தளம் வலை வலையாக வெடித்துப் போகும்.

மூடாக்கு

ஜல்லிமணல் அண்ணா சொன்னது எல்லாம் கண்ணாடிப் பக்கம். நான் மண்பக்கம் சொல்கிறேன்.

முதல் விஷயம், உங்களுடையது கரிசல் மண். மழையில் ஊதும், சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நேரடியாக மண் மேல் கண்ணாடியைக் கொட்டினால் முதல் கோடையிலேயே பாதி வெடிப்புக்குள் போய்விடும், அடுத்த மழையில் மண் மூடிக்கொள்ளும், பிறகு அதை எடுக்கவே முடியாது. எனவே நாலு அங்குலம் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் போட்டு இடித்து, அதன் மேல் களை வராமல் விரிக்கிற நெய்த துணியை விரித்து, அதற்கு மேல் கண்ணாடி. பிளாஸ்டிக் தாள் வேண்டாம், தண்ணீர் இறங்காது.

இரண்டாவது, செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் அடியில் இதைப் போடாதீர்கள். கண்ணாடி விஷம் இல்லை, பாட்டில் கண்ணாடி மண்ணில் கரையவும் கரையாது. ஆனால் அது மட்கவும் மட்காது, மண்ணுக்கு ஒன்றும் கொடுக்காது. சாத்தூர் வெயிலில் செம்பருத்தி கேட்பது காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் வைக்கோலும்தான். அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டால் வேரடியில் மண்புழு இருக்காது, மேலே இலையின் அடிப்பக்கம் வெளிச்சம் திருப்பியடிக்கும். தெற்கு, மேற்கு வெயில் நேராக விழுகிற இடத்தில் கண்ணும் கூசும். காலை வெயில் மட்டும் வருகிற மூலை இருந்தால் அதுதான் கண்ணாடிக்கு இடம், சாய்ந்து வரும் வெளிச்சத்தில்தான் அந்தப் பச்சை துலங்கும்.

அங்கே அடினியம், கற்றாழை, பாம்புக் கற்றாழை மாதிரி தண்ணீர் அதிகம் கேட்காதவற்றைத் தொட்டியிலேயே வைத்து, தொட்டிகளைச் சுற்றிக் கண்ணாடி பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மேலே வேப்பமரம் ஏதும் இருக்கிறதா? இருந்தால் யோசியுங்கள். வேப்பம்பூவும் சருகும் கண்ணாடிக்குள் இறங்கினால் கூட்டிப் பெருக்க முடியாது, அங்கேயே மட்கி மண்ணாகி அதில் களை முளைக்கும். நிழலும் ஈரமும் சேர்ந்தால் பாசியும் பிடிக்கும்.

துளசி மாடத்தைச் சுற்றி வேண்டவே வேண்டாம். அங்கே வெறுங்காலோடுதான் சுற்றுவோம்.

மாடிவீட்டு_ராணி

நான் இதில் பட்டவள், அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் முனை மழுக்கியது என்று சொல்லி ஒரு கடையில் நீலக் கண்ணாடி 50 கிலோ வாங்கினேன். வந்ததில் கால்வாசி வெறும் நொறுக்கிய சில்லு, தேய்க்கவே இல்லை. திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். நானும் காசு போனதே என்று கேட் ஓரம் கரை ஏதும் கட்டாமல் பரப்பிவிட்டேன். அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் ஓடிய வழியெல்லாம் கண்ணாடி ஓடியது, தெரு வரைக்கும் போனது. பால் கொண்டுவருகிற அம்மா காலில் குத்தி ரத்தம் வந்தது. அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார், ஆனால் எனக்கு அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கிறது. மண்ணைக் கொத்தும்போது இப்போதும் நீலத் துண்டு வருகிறது.

நீலகிரியில் காட்டோரம் வீசிய மது பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்றுதான் 2022-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிற முறையைக் கொண்டுவந்தார்கள். யானைக்கே அந்தக் கதி, நாலு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. கண்ணாடிப் பரப்பைவிட மூன்று அங்குலமாவது உயரமாகக் கடப்பாக் கல்லையோ செங்கல்லையோ நிறுத்திச் சுற்றிலும் கரை கட்டுங்கள். கூரைத் தண்ணீர் விழுகிற இடமாக இருக்கக் கூடாது. பையன் தாண்டிக் குதிக்க முடியாத மாதிரி, வராண்டா திட்டுக்குப் பக்கத்தில் இடுப்புயரத் தொட்டியாகவே கட்டி அதற்குள் போட்டால் இன்னும் நல்லது.

நீலக்கோலி

உடையாத 40 பாட்டிலையும் தயவுசெய்து உடைத்துவிடாதீர்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. உள்ளே இருக்கிற வாயுவே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிக்கொள்ளும், தனியாக மூடி எதுவும் வேண்டாம். நம் ஊரில் அதைக் கழுவிக் கழுவி எத்தனை தடவை நிரப்பியிருப்பார்கள். அந்த இளம்பச்சை கூடத் தனியாகச் சாயம் போட்டு வந்ததல்ல, மணலில் இருக்கும் இரும்பின் நிறம் அது. உங்கள் மாமனார் பட்டறைப் பெயர் எந்தப் பாட்டிலிலாவது பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரவேற்பறையில் வைக்க வேண்டியது.

கலிபோர்னியாவில் ஃபோர்ட் பிராக் என்ற ஊரில் 1906 முதல் 1967 வரை ஊர்க் குப்பையைக் கடற்கரையில் கொட்டினார்கள். மற்றதெல்லாம் மட்கியும் அப்புறப்படுத்தியும் போக, கண்ணாடியை மட்டும் அலை உருட்டி உருட்டி மணி மாதிரி ஆக்கிவிட்டது. இன்று அதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது, பூங்காப் பகுதியிலிருந்து எடுத்துப் போகக் கூடாது. அலையும் மணலும் செய்ததைத்தான் ஜல்லிமணல் சொல்லும் மிஷின் செய்கிறது.

சரி, 15 சதுர அடிக்குத்தான் வரும் என்றால் தரையை மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்? சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையல், பீங்கான், ஓடு எல்லாவற்றையும் வைத்தே ஒரு தோட்டம் கட்டினார். 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஆரம்பித்தது, 1976-ல் மக்களுக்குத் திறந்தார்கள். அவர் உடைசலைச் சிற்பத்தின் மேலும் சுவரிலும் பதித்தார். நீங்களும் தேய்த்த துண்டுகளை காம்பவுண்டு சுவரின் உட்பக்கம் டைல்ஸ் பசையில் பதிக்கலாம், காலுக்கும் ஆபத்தில்லை, மழையிலும் ஓடாது. ஒரு காலத்தில் திருடன் ஏறாமல் இருக்க சுவர் உச்சியில் பதித்த அதே பாட்டில் சில்லுதானே.

அப்புறம் அந்த டின் கோலி. அகலமான மண் தட்டில் கோலிகளை நிரப்பி, அவற்றின் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி செம்பருத்தி நிழலில் வையுங்கள். தேனீயும் பட்டாம்பூச்சியும் கோலி மேல் உட்கார்ந்து மூழ்காமல் தண்ணீர் குடிக்கும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள், கொசு வராது.

கரிசல்காட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. ராணி அக்கா எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், தரையில் பரப்பும் யோசனையை அன்றே விட்டுவிட்டோம். வராண்டாவின் கிழக்கு ஓரத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கட்டுத் தொட்டி, 6 அடிக்கு 2 அடி. அடியில் கிராவல், துணி, அதில் மூன்று அடினியம் தொட்டி, சுற்றிலும் கண்ணாடி. பக்கத்து வீட்டு வேம்பு தெற்குப் பக்கம் என்பதால் சருகு அவ்வளவாக வராது. துளசி மாடத்தில் கை வைக்கப் போவதில்லை, செம்பருத்திக்கு வைக்கோல் போட்டாகிவிட்டது. பாட்டில்களைக் கழுவிப் பார்த்தோம், ஏழில் மாமனார் பெயரின் முதல் எழுத்துகள் பொறித்திருக்கின்றன.

ஒரே ஒரு சந்தேகம். மணலுக்கு எம்.சாண்ட் போடலாமா, ஆற்று மணல்தான் வேண்டுமா?

ஜல்லிமணல்

எம்.சாண்டே நல்லது, முனை உள்ள மணல், சீக்கிரம் தேய்க்கும். ஒரு சுற்று முடிந்ததும் அதைக் கொட்டிவிட்டுப் புது மணல் போடுங்கள். தொட்டி சுவரில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டை விடச் சொல்லுங்கள், கொத்தனார்கள் மறப்பது அதுதான்.

கரிசல்காட்டுக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் 40 கிலோவை இரண்டு நாளாக மொத்தம் ஒன்பது மணி நேரம் ஓட்டினோம். கழுவிச் சாக்கில் பரப்பியபோது பனி பிடித்த மாதிரி மங்கலாக இருந்தது, தண்ணீர் தெளித்தால் பழைய பச்சை திரும்ப வருகிறது. பஞ்சு வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க மாமியார் உட்கார்ந்துவிட்டார், யாரையும் தொட விடவில்லை. கோலி தங்குகிற பள்ளம் உள்ள கழுத்துத் துண்டுகளில் மட்டும் உள்வளைவில் கூர் போகவில்லை, அவற்றை அடுத்த சுற்றுக்கு ஒரு வாளியில் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.