பொருள்: 'ஸ்கின்' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. (சேலம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு விளையாட்டு வடிவமைப்பு விருப்பப்பாடமாக நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் ஓப்பன் அரீனாவுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம் செய்துவரச் சொல்லியிருந்தேன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. 1999-இல் வந்த குவேக் 3-இன் மூலநிரலை 2005-இல் அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் திறந்துவிட்டதே, அதன் மேல் கட்டியது. காசு கிடையாது, எங்கள் ஆய்வகத்துப் பழைய கணினிகளிலும் ஓடும்.

மதிப்பீட்டுத் தாளைத் தமிழில் தருவதாக வாய்விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை நகலெடுக்க வேண்டும். உடலமைப்புக்கு 40, அசைவுக்கு 25, ஸ்கினுக்கு 20, மற்றதற்கு 15. 'ஸ்கின்' என்ற இடத்தில் 'தோல்' என்று போட்டு ஒரு பையனிடம் காட்டினேன். "கை, முகத்தோட கலருக்கு மட்டும் இருபதா சார்?" என்றான். கவசம், பூட்ஸ், மீசை என்று உடல் மேல் ஒட்டும் படம் எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்கின் என்று அவனுக்கு விளக்கவே பத்து நிமிடம் போயிற்று.

சொல் தாருங்கள். முடிந்தால் 'மாடல்' (ஆளின் முப்பரிமாண உடல்), 'ஹிட்பாக்ஸ்' (குண்டு பட்டதாகக் கணக்கிடும் பெட்டி) இரண்டுக்கும்.

---

வி. (பெங்களூரு):

ஸ்கின் என்றே போடுங்கள் சார். மூணு எழுத்துதான். பசங்களுக்குப் புரியும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

---

புலவர் இரா. (திருவையாறு):

வி. தம்பிக்கு எப்போதும் தூக்கமே கவலை.

செ. அவர்களே, உங்கள் தேவையை வள்ளுவரே எழுதி வைத்திருக்கிறார்.

வலியில் நிலைமையான் வல்லுருவம் பெற்றம்
புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று (273)

உள்ளே பசு, மேலே புலித்தோல். தோல் மாறியதால் பசுவுக்குக் கொம்பு கூர்மையாகிவிடவில்லை. நீங்கள் சொல்லும் ஸ்கின்னும் அவ்வளவுதானே? 'உருவம்', 'தோல்' என்று உங்களுக்கு வேண்டிய இரண்டு சொல்லும் ஒரே குறளில் கிடக்கின்றன.

ஆயினும் மாணவன் மயங்கினான் என்கிறீர்கள். அப்படியானால் 'உரி' என்று வையுங்கள். உரித்தெடுத்து இன்னொன்றின் மேல் போர்த்தக்கூடிய தோல் உரி. மரவுரி, கரியுரி (யானைத்தோல்). பொருநராற்றுப்படையில் 'அரவுரி அன்ன அறுவை' என்று வருகிறது. பாம்பு உரித்த சட்டை போன்ற மெல்லிய துணி. தோலும் துணியும் அந்த ஒரு வரியில் ஒன்றாகிவிட்டன. உரி, உரிவை, உரியது, உரிமை எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பது என் நெடுநாள் கருத்து. ஒருவனுக்கு உரியது அவன் மேல் ஒட்டியிருப்பது. உரிச்சொல்லையும் இவ்வழியே விளக்கலாம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

---

வி. (பெங்களூரு):

ஐயா, உரி என்றால் அரை நாழி. என் பாட்டி வீட்டில் உரி அளக்கிற படி இன்னும் இருக்கிறது. அதோடு கேம் கோப்புறையில் உரிமக் கோப்பு ஒன்றும் வைக்க வேண்டும். 'உரியின் உரிமம்' என்று தாளில் அச்சடித்தால் பசங்க படிக்கும்போது நாக்கு சுளுக்கும்.

தோலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உடலை எலும்போடு பிணைத்து, எந்த எலும்பு எவ்வளவு இழுக்கும் என்று எடை வைப்பதற்கும் ஸ்கின்னிங் என்றுதான் பெயர். அது வேறு வேலை, சாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது 'தோல்' என்று வைத்துவிட்டால் நாளைக்கு அதற்கு என்ன சொல்வீர்கள்?

---

ந. (மதுரை):

தோல் வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. தோற்பாவைக் கூத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே தோல்தான் உடல். பதப்படுத்தி, வெட்டி, துளையிட்டு, கை கால்களைத் தனித்தனியாகக் கோத்த பொம்மையே தோல். மேலே பூசுவது சாயம். கூத்துக்காரரிடம் "தோல் மாற்று" என்றால் வேறு பாவையை எடுத்து மாட்டுவார். நமக்கு வேண்டியதோ பாவை அப்படியே இருக்க, சாயம் மட்டும் மாறுவது.

ஆகவே மாடலுக்குப் 'பாவை' என்று முன்மொழிகிறேன். 'மாதிரி' வேண்டவே வேண்டாம். "மாதிரியை மதிப்பிடுக" என்றால் சோற்றுப் பதம் பார்ப்பது போல இருக்கிறது. 'தனிப்பயன் மாதிரி' என்று ஒரு மென்பொருளில் பார்த்தேன். அது யாருக்குத் தனி, என்ன பயன் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. 'சொந்தப் பாவை' போதும்.

---

புலவர் இரா. (திருவையாறு):

பாவை சிறப்பு. ஆனால் மீசை வைத்த பாவையா? பாவை என்றால் பெண், கண்மணி, பொம்மை என்று பல பொருள். 'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை' என்ற குறளில் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை, கயிற்றில் ஆடும் பொம்மை. அந்த அளவில் ஏற்கிறேன்.

கரியுரி என்று எழுதியதும் வழுவூர் நினைவு வந்தது. அங்கே சிவன் கோயிலில் யானையை உரித்துப் போர்த்த மூர்த்தியின் செப்புத் திருமேனியைப் பார்த்தவர்கள் உரி என்ற சொல்லை மறக்க மாட்டார்கள்.

---

த. (டொரொண்டோ):

உங்கள் எல்லோருக்கும் வணக்கம். செ. தம்பி, அந்த ஸ்கின் எப்படி வேலை செய்யுது என்று கொஞ்சம் சொல்லுவீங்களா? யானையை உரிக்க முதல் அதைப் பார்ப்பம்.

---

செ. (சேலம்):

நன்றி அக்கா, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் ஆள் மூன்று துண்டு. தலை, மேலுடல், கீழுடல். ஒவ்வொன்றுக்கும் ஸ்கின் என்று முடியும் சின்ன எழுத்துக் கோப்பு ஒன்று. அதற்குள் படமே இல்லை. 'மேலுடலின் இந்தப் பரப்புக்கு இந்தப் படத்தை மாட்டு' என்று வரிக்கு ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான். சாதாரணம், சிவப்பு, நீலம் என்று மூன்று தொகுதி வேண்டும். அணி பிரிந்து ஆடும்போது சிவப்பு அணிக்காரனுக்குச் சிவப்புத் தொகுதி ஏறும். பரப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் போச்சு, அந்த இடத்தில் வெள்ளை ஓரம் போட்ட கறுஞ்சாம்பல் கட்டங்கள்தான் தெரியும்.

ஒரு பையன் கருப்பசாமி செய்திருக்கிறான். முறுக்கு மீசை, தலைப்பாகை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. பார்க்க அமர்க்களம். ஆடவிட்டால் கீழுடல் பக்கவாட்டில் திரும்பும்போது வேட்டி திரும்புகிறது, துண்டின் முனை நேராகவே தொங்குகிறது, இடுப்பில் ஒரு விரற்கடை இடைவெளி விழுந்து அதன் வழியே பின்னாலுள்ள சுவர் தெரிகிறது. அரிவாளுக்காகச் செய்த கையில் விளையாட்டு ராக்கெட் லாஞ்சரைக் கொடுக்கிறது. ஆயுதம் ஒட்டும் புள்ளியின் அச்சைத் தப்பாக வைத்ததால் குழல் வானத்தைப் பார்க்கிறது. உடலமைப்பில் 40-க்கு 22 போட்டேன், ஸ்கினில் 20-க்கு 18. மனசு கேட்கவில்லை, ஆனால் இரண்டும் வேறு வேறு என்று அவனுக்குப் புரிய வேண்டும். அதற்குத்தான் இந்தச் சொல்.

ஹிட்பாக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆளை மாட்டினாலும் குண்டு படும் பெட்டி ஒன்றேதான். நிற்கும்போது 30 அலகு அகலம், 56 உயரம். தலைக்குத் தனிப் பெட்டி கிடையாது. கருப்பசாமியின் தலைப்பாகை பெட்டிக்கு வெளியே நிற்கிறது. அதில் சுட்டால் குண்டு சும்மா ஊடுருவிப் போகும், எதிராளி "ஏமாத்துறான்" என்று கத்துவான். அதற்கு 15-இல் நாலு மதிப்பெண் வெட்டு.

---

த. (டொரொண்டோ):

பிறகென்ன, இது 'உடுப்பு'! எந்த இடத்துக்கு எந்தத் துணி என்று எழுதின சிட்டை. சிவப்பு உடுப்பு, நீல உடுப்பு. எங்கட ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஹிட்பாக்ஸுக்குப் 'படுகூடு' சரிவராதோ? குண்டு படுகிற கூடு.

---

வி. (பெங்களூரு):

படுகூடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு கணம் 'படுகுழி' என்று படித்துவிட்டேன். உடுப்பு நல்ல சொல். இங்கே அது பள்ளிச் சீருடை மாதிரி கேட்கிறது என்பதுதான் பிரச்சினை. மீசைக்கு எப்படி உடுப்பு?

எல்லோரும் களைத்துவிட்டோம். 'மேல்தோற்றம்' என்று வைத்துக்கொள்ளலாமா? யாருக்கும் உற்சாகம் தராது, யாரையும் உறுத்தவும் உறுத்தாது.

---

ந. (மதுரை):

சரி. மேல்தோற்றம், பாவை, படுகூடு. என் வாக்கு இதற்கே.

---

த. (டொரொண்டோ):

எனக்கு இன்னும் உடுப்புத்தான். ஆனால் பிள்ளைகளுக்குத் தாள் வேண்டுமே, போடுங்கோ.

---

புலவர் இரா. (திருவையாறு):

தோற்றம் என்பது கண்ணுக்குத் தெரிவது. போர்த்துவது அன்று. 'மேல்' எதற்கு? உள்தோற்றம் என்று ஒன்று உண்டா? எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

---

செ. (சேலம்), அடுத்த செவ்வாய்:

தாள் கொடுத்து முடித்தாயிற்று. 'மேல்தோற்றம்' என்று அச்சிட்டு, பக்கத்தில் 'ஸ்கின்' என்றும் போட்டேன், மன்னிக்கவும். படுகூடு எடுபட்டது, பையன்கள் அந்தச் சொல்லைச் சொல்லியே சண்டை போட்டார்கள். மேல்தோற்றத்தை ஒருவனும் வாயில் எடுக்கவில்லை. கருப்பசாமிப் பையன் ஸ்கின் கோப்பில் இருந்த பெயர்ப் பிழையைத் திருத்திக்கொண்டு வந்து, "சார், இப்ப நீலச் சட்டை ஏறிடுச்சு, பாருங்க" என்றான். அதற்கப்புறம் வகுப்பு முழுக்க 'சட்டை'தான். தலைப்பாகைக்கும் சட்டை, மீசைக்கும் சட்டை. அடுத்த பருவத் தாளில் அதையே போடலாமா என்று யோசிக்கிறேன்.

---

புலவர் இரா. (திருவையாறு):

சட்டையின் மூலம் எம்மொழி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் சட்டை உரிப்பது எது? பாம்பு. அது உரித்துப் போட்டதற்கு என்ன பெயர்? முதல் மடலிலேயே எழுதியிருக்கிறேன். அந்தப் பையனிடம் பொருநராற்றுப்படை வரியைக் காட்டிவிட்டு, அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.