அந்த 3 நிமிடம்: செத்த பிறகும் உணர்வு இருக்குதெண்டு ஆர் நிரூபிச்சது?

கொட்டியாரன்:
ஒரு வாரமா வட்ஸ்அப்பில ஒரு பதிவு ஓடித்திரியுது. அதில இருக்கிறது இதுதான்: “இறந்த பின்னும் 3 நிமிடம் உணர்வு இருப்பதை மேல்நாட்டு மருத்துவர்கள் நிரூபித்துவிட்டார்கள். உயிர் 31 நாள் காத்திருக்கும் என்ற முன்னோர் வாக்கு அறிவியலாகிவிட்டது. கன்னியாவில் அந்தியேட்டி செய்வதன் இரகசியம் இதுவே.”

திருகோணமலைக்குக் கிட்ட கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில 31-ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யிறவை செய்யட்டும், அதைப்பற்றி நான் கதைக்க வரேல்லை. அந்த 3 நிமிடம் பிழை. அதைத்தான் கதைக்க வந்தனான்.

அது மருத்துவர் சாம் பார்னியாவின்ர குழு 2014-இல் ‘ரிசசிட்டேஷன்’ இதழில வெளியிட்ட ஆய்வில இருந்து வந்தது. 15 ஆஸ்பத்திரி, 2060 இதயநிறுத்தம். தப்பி வீடு போனவை 330. பேட்டி குடுத்தவை 140. இரண்டாம் கட்டப் பேட்டிக்கும் வந்தவை 101. மரணத்தருகு அனுபவம் எண்டு சேர்க்கக்கூடியது 9 பேருக்கு. சுத்திவர நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் சொன்னது 2 பேர். அதில ஒராள் சுகமில்லாமல் பிறகு பேட்டிக்கு வரேல்லை. மிச்சம் ஒராள். அந்த ஒராளின்ர 3 நிமிடத்தையும் ஒருத்தரும் மணிக்கூடு வைச்சு அளக்கேல்லை. அவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி குடுக்கிற ஏஇடி இயந்திரத்தின்ர குரலைக் கேட்டதாகச் சொன்னார். அந்த இயந்திரம் எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா பேசும் எண்ட கணக்கை வைச்சு “3 நிமிடம் வரை” எண்டு எழுதியிருக்கினம். ‘வரை’யை விழுங்கிப்போட்டு ‘நிரூபித்துவிட்டார்கள்’ எண்டு சேர்த்தது இஞ்ச உள்ளவை.

பாவநாசம்:
‘வரை’ எண்ட ஒரு சொல்லில தொங்கிக்கொண்டு நிக்கிறீங்கள். 3 நிமிடமோ 2 நிமிடமோ, இதயம் நிண்டு 10 முதல் 20 விநாடிக்குள்ள ஈஈஜி (மூளையின்ர மின்னலையைப் பதியிற கருவி) கோடு தட்டையாகும். அதுக்குப் பிறகு ஒரு நொடி உணர்வு இருந்தாலே உங்கட வாதம் முடிஞ்சுது. அந்த மனுசன் அறையில நிண்ட ஆளின்ர தோற்றத்தைச் சொன்னார், இயந்திரம் சொன்னதைச் சொன்னார், மருத்துவப் பதிவோட ஒத்துப்போச்சு. அதை ஏன் எழுதாமல் விட்டீங்கள்?

2001-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில இதய மருத்துவர் பிம் வான் லொம்மல் எழுதினதையும் சேருங்கோ. நெதர்லாந்தில 10 ஆஸ்பத்திரி, 344 நோயாளிகள், 62 பேருக்கு அனுபவம். 18 வீதம். ஒட்சிசன் குறைவுதான் காரணமெண்டா 344 பேருக்கும் வந்திருக்கவேணும்.

கொட்டியாரன்:
ஏஇடி எப்பிடி வேலை செய்யுதெண்டு தெரிஞ்சுகொண்டு வாங்கோ. ஒரு பட்டை வலது காறை எலும்புக்குக் கீழ, மற்றது இடது அக்குளுக்குக் கீழ விலாவில. ஒட்டினதும் இயந்திரம் துடிப்பைப் பார்க்கும், “ஒருவரும் தொடவேண்டாம்” எண்டு சொல்லும், தேவையெண்டா அதிர்ச்சி குடுக்கும். உடன நெஞ்சை அமத்தத் தொடங்கவேணும். 2 நிமிடத்துக்குப் பிறகு திரும்பப் பார்க்கும். ஆக, இயந்திரம் ஒருக்கா பேசினதுக்கும் அடுத்த தரம் பேசினதுக்கும் இடையில அந்த மனுசன் சும்மா கிடக்கேல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நெஞ்சை அமத்தியிருக்கினம். ஒழுங்கா அமத்தினா வழமையான இரத்த ஓட்டத்தில கால்வாசி, மிஞ்சிப்போனா மூண்டிலொரு பங்கு கிடைக்கும். ஆழம் காணாமல் அமத்தினா, கையை முழுக்க எடுக்காமல் நெஞ்சில சாஞ்சு நிண்டா, களைச்ச ஆளே தொடர்ந்து அமத்தினா அதுவும் இல்லை. 2 நிமிடத்துக்கு ஒருக்கா ஆளை மாத்துறது அதுக்குத்தான்.

நல்லா அமத்துறபோது கண்ணைத் திறந்து, தொண்டைக் குழாயைப் பிடிச்சு இழுக்கிற நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில எழுதியிருக்கு. அமத்திறதை நிப்பாட்டினா திரும்ப மயங்குவினம். சில இடங்களில இதுக்கெண்டே மயக்க மருந்து ஒழுங்கும் வைச்சிருக்கினம். அப்பிடிப்பட்ட ஆளைச் செத்தவன் எண்டு எந்த வைத்தியர் எழுதுவார்? அந்த 3 நிமிடம் செத்த பிறகான 3 நிமிடம் இல்லை. சிபிஆர், அதாவது நெஞ்சை அமத்தி உயிர்மீட்கிறது, நடந்த 3 நிமிடம்.

நிலாவெளி:
ஒரு சின்னக் கேள்வி. உணர்வு, நினைவு, உயிர் மூண்டையும் ஒண்டாக்கிக் கதைக்கிறீங்கள். ‘செத்த’ எண்டா இதயம் நிண்டதா, மூளை செத்ததா? முதல்ல அதை முடிவெடுத்தா நல்லதெல்லோ?

பாவநாசம்:
கொட்டியாரன், இயந்திரம் துடிப்பைப் பார்க்கேக்க ஒருவரும் தொடேல்லை எண்டு நீங்களே எழுதிப்போட்டீங்கள். அவர் கேட்டது அந்தக் குரலை. அப்ப நெஞ்சில கை இல்லை. இரத்த ஓட்டம் சுழியம். எப்பிடிக் கேட்டார்?

கொட்டியாரன்:
கையெடுத்து சில விநாடிதான் இருக்கும். 10-20 விநாடிக் கணக்கைத் தந்தது நீங்கள்தானே? உங்கட கணக்கையே நீங்கள் திரும்பப் பார்க்கேல்லை. இன்னொண்டு. ஈஈஜி தலைத்தோலுக்கு மேல ஒட்டுற கம்பி. மூளைப் புறணியில பல சதுர சென்ரிமீற்றர் பரப்பு ஒண்டாத் துடிச்சாத்தான் அதில கோடு எழும்பும். உள்ளுக்குள்ள ஆழமா நடக்கிறது அதுக்குத் தெரியாது. கோடு தட்டை எண்டா கருவிக்கு எட்டேல்லை எண்டுதான் அர்த்தம். அதோட, அந்த மனுசனுக்கு ஈஈஜி போடவேயில்லை. தட்டைக் கோடெண்டு எங்கயிருந்து எடுத்தீங்கள்?

அலுமாரித் தட்டுக் கதையையும் சொல்லுறன். உடம்பை விட்டு மேல மிதக்கிறதெண்டா மேல இருந்து பார்க்கவேணும். அதுக்குத்தான் அந்த 2014 ஆய்வில கூரைக்குக் கிட்ட தட்டு அடிச்சு, கீழ நிண்டு பார்த்தால் தெரியாத மாதிரிப் படம் வைச்சவை. இதயநிறுத்தத்தில 22 வீதம்தான் தட்டு இருந்த இடத்தில நடந்தது. கண்டதாகச் சொன்ன 2 பேரும் தட்டு இல்லாத இடத்தில கிடந்தவை. படத்தைக் கண்டது ஒருத்தரும் இல்லை. 2023-இல் வந்த அதே குழுவின்ர இரண்டாவது ஆய்வில 25 ஆஸ்பத்திரி, 567 இதயநிறுத்தம், தப்பினவை 53, பேட்டி 28. படத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. காதுக்குள்ள போட்ட ஒலியை ஒராள் சொன்னார். அது கண்ணில்லை, காது.

பாவநாசம்:
அதே 2023 ஆய்வில சிபிஆர் தொடங்கி 35 முதல் 60 நிமிடத்திலயும் விழிப்புக்கு ஒத்த அலைகள் ஈஈஜியில வந்ததை மறைச்சுப்போட்டீங்கள். மூளைக்கு ஒட்சிசன் கடுமையாக் குறைஞ்ச நிலையில!

கொட்டியாரன்:
மறைக்கேல்லை. அலை வந்தா மூளை வேலை செய்யுது எண்டு அர்த்தம். மூளை வேலை செய்யேக்க உணர்வு இருந்தா அது எனக்குச் சாட்சி, உங்களுக்கில்லை. மூளை ஆய்வாளர் ஜிமோ போர்ஜிகின் 2013-இல் 9 எலியில காட்டினதும் இதுதான்: இதயம் நிண்டு முதல் 30 விநாடிக்குள்ள காமா எண்ட வேகமான மூளை அலை கூடுது. 2023-இல் வெண்டிலேட்டர் எடுத்த 4 பேரில 2 பேருக்கு அதே மாதிரி. சாகிற மூளை கடைசியா எரியுது. எரிஞ்சு முடிஞ்ச பிறகு என்ன எண்டதுதான் கேள்வி. அதுக்கு 3 நிமிடம் பதில் இல்லை.

சித்தாந்தப்பிள்ளை:
இரண்டு பேரும் பொறுங்கோ. சைவத்தின் பெயரால் இந்த 3 நிமிடத்தைத் தூக்குபவர்கள் சைவம் படிக்கவில்லை. சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: உயிர் தானாக அறியாது, கருவி கரணம் (புலன், மனம் முதலியவை) கூடினால்தான் அறியும். சாக்கிரத்தில் (நனவில்) 35 கருவி, சொப்பனத்தில் (கனவில்) 25, சுழுத்தியில் (ஆழ்துயிலில்) 3, துரியத்தில் (அதற்கும் அப்பால்) 2, துரியாதீதத்தில் (எல்லாவற்றுக்கும் அப்பால்) 1. கருவி கழலக் கழல அறிவு மங்கும். சாவில் தூல உடம்பு விழும், ஐந்து தன்மாத்திரையும் (ஒலி முதலிய புலப்பொருள்களின் நுண்மூலம்) மனம் புத்தி அகங்காரமும் ஆக எட்டும் சேர்ந்த சூக்கும (நுண்) உடம்போடு உயிர் போகும். அப்போதும் நனவில் கண்டதைக் கனவில் மறப்பது போல முந்தியதை மறந்தே போகும் என்பது சிவஞானபோதக் கருத்து. மேலே மிதந்து, ஏஇடி குரலைக் கேட்டு, திரும்பிவந்து பேட்டி கொடுக்கும் உயிர் நம் சாத்திரத்தில் இல்லை. பாவநாசம் நம்புவது சைவம் இல்லை, வேறெங்கோ இருந்து வந்த ஆவிக் கொள்கை.

பாவநாசம்:
ஐயா, போன ஆடி அமாவாசை விவாத இழையிலயும் இதே மாதிரி இடையில பூந்து என்னைச் சைவனில்லை எண்டு சொன்னனீங்கள். நான் மறக்கேல்லை. சூக்கும உடம்பில மனம் இருக்குதெண்டு நீங்களே எழுதினீங்கள். மனம் இருந்தா ஏன் கேட்கேலாது?

சித்தாந்தப்பிள்ளை:
செவி என்ற ஞானேந்திரியம் உங்கள் பட்டியலில் இருக்கிறதா? மனம் மட்டும் நின்று ஒலியைக் கொள்ளாது. எட்டு என்று எழுதினேன், எண்ணிப் பாருங்கோ. அந்த இழையிலும் நீங்கள் எண்ணவில்லை.

உப்புவெளி:
கன்னியாவைப் பற்றி எழுதின ஒருத்தருக்கும் அங்க என்ன நடக்குதெண்டு தெரியாதபடியால் சொல்லுறன். 31-ஆம் நாள் கிரியை 3 நிமிடத்துக்காகச் செய்யிறதில்லை. காடாற்றில, எரிச்ச இடத்தில பாலும் இளநீரும் தெளிச்சு எலும்பு எடுக்கிறது. பிறகு கல்லில பிரேதத்தை (செத்தவரின்ர ஆவியை) எழுந்தருளப் பண்ணிப் பிண்டம் போடுறது. கடைசியாச் சபிண்டீகரணம்: செத்தவரின்ர பிண்டத்தை மூண்டாப் பிரிச்சு, தகப்பன், பாட்டன், பூட்டன் பிண்டங்களோட சேர்க்கிறது. அதோட பிரேதம் எண்ட பேர் போய்ப் பிதிர் (முன்னோர்) ஆகும். எத்தினை பேர் அந்தப் பிண்டத்தைச் சேர்க்காமல் ஓரத்தில வைச்சுப்போட்டு வாறவை தெரியுமோ? சேர்க்காட்டி கிரியையே இல்லை. இராவணன் தாய்க்குக் கடன் செய்ய வாளால குத்தி ஏழு கிணறு எடுத்த இடம் அது. அதை மேல்நாட்டான்ர ஆய்வு வந்து காப்பாத்தவேண்டிய தேவை இல்லை.

தம்பலகாமத்தான்:
வாளால இல்லை. முதியவராக வந்த விட்டுணு தடியால ஊண்டின ஏழு இடத்தில ஊத்து வந்ததெண்டுதான் கதை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்கோ.

உப்புவெளி:
எங்கட பக்கம் வாள் எண்டுதான் சொல்லுறது. தடி எண்டு தம்பலகாமத்தில மட்டும்தான் சொல்லுவினம் போல.

மூதூரான்:
எங்கட இஸ்லாமிய நம்பிக்கையில கப்றில (மண்ணறையில) முன்கர், நகீர் எண்ட மலக்குகள் கேள்வி கேட்கிறது இருக்கு, பர்ஸக் (சாவுக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட நிலை) இருக்கு. அதுக்கு நாங்கள் ஈஈஜி தேடுறதில்லை. மறைவான விசயம் மறைவான விசயம்தான். கொட்டியாரன் சொல்லுறதில இந்த ஒரு இடம் சரி: நம்பிக்கையை ஆஸ்பத்திரிக் கணக்கில போட்டு நிறுக்கேலாது.

பாவநாசம்:
அப்ப 1991-இல் அமெரிக்காவில பீனிக்ஸ் நகரில நடந்த சத்திரசிகிச்சைக்கு என்ன பதில்? மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேர்ட் ஸ்பெட்ஸ்லர் செய்தது. ஒரு பெண்ணுக்கு மூளையின்ர அடியில இரத்தக்குழாய் வீக்கம். உடம்பைப் பதினைஞ்சு பதினாறு பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிராக்கி, இதயத்தை நிப்பாட்டி, தலையில இருந்து இரத்தத்தை வடிச்சுத்தான் செய்தவை. கண் ஒட்டியிருந்தது, காதுக்குள்ள க்ளிக் ஒலி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எலும்பு வெட்டுற வாளின்ர சத்தத்தையும், இரத்தக்குழாய் சின்னதா இருக்கெண்டு அங்க கதைச்சதையும் சொன்னா.

கொட்டியாரன்:
வாள் எப்ப ஓடினது? மண்டையோட்டை வெட்டினது முதல்ல. குளிராக்கி இதயத்தை நிப்பாட்டினது பிறகு. இரத்தக்குழாய் சின்னது எண்டு கதைச்சதும் இதயம் அடிக்கேக்க, தொடையிடுக்கில இரத்தக்குழாய்க்குள்ள குழாய் போடேக்க. அவ சொன்னதில சரிபார்க்கக்கூடியது எல்லாம் இதயம் நிக்கிறதுக்கு முந்தினது. எலும்பை வெட்டுற சத்தம் காது அடைச்சிருந்தாலும் எலும்புக்குள்ளாலயே போகும். மயக்க மருந்துக்குள்ள விழிப்பு வாறதும் மயக்கவியலில பேர் வைச்ச விசயம். வான் லொம்மலின்ர பொய்ப்பல்லுக் கதையை எடுக்கப் போறீங்களெண்டும் தெரியும். பல்லைக் கழட்டி வண்டிலின்ர இழுப்பறையில வைச்சதைக் கண்டனெண்டு சொன்ன அந்த மனுசனுக்கும் அப்ப சிபிஆர் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தரமும் இதே பிழை: எப்ப கேட்டது எண்ட நேரத்தை விட்டுப்போட்டு, எப்ப செத்தது எண்ட நேரத்தை ஒட்டுறது.

நிலாவெளிக்கும் பதில் சொல்லுறன். மூளைச்சாவு பார்க்கிற முறை இருக்கு. முதல் உடம்பு வெப்பம் 36 பாகைக்கு மேல, இரத்த அழுத்தம் மேல்கணக்கு 100-க்குக் குறையாமல், மயக்க மருந்து ஒண்டும் மிச்சமில்லாமல் இருக்கவேணும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குதா, கருவிழியில தொட்டா இமைக்குதா, காதுக்குள்ள ஐஸ் தண்ணி விட்டா கண் அசையுதா, தொண்டையில தொட்டா ஓங்காளிக்குதா. பிறகு வெண்டிலேட்டரை எடுத்து, இரத்தத்தில காபனீரொட்சைட்டு 60 மில்லிமீற்றர் பாதரச அளவு தாண்டும்வரை மூச்சு வருதா எண்டு பார்க்கிறது. இதில ஒண்டைத் தவறவிட்டாலும் கணக்கில்லை. குளிர்ந்த உடம்பு, தூக்கமருந்து குடிச்ச உடம்பு செத்த மாதிரித் தெரியும். இதெல்லாம் ஒழுங்காப் பார்த்த பிறகு எழும்பி வந்து 3 நிமிடக் கதை சொன்ன ஒராளைக் காட்டுங்கோ.

நிலாவெளி:
நான் கேட்டது ‘உணர்வு’ எண்டா என்ன எண்டும்தான். அதுக்கு இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை.

பாவநாசம்:
எழும்பி வாறவனைக் காட்டு எண்டா ஆரால காட்ட ஏலும்? எழும்பினா ‘அப்ப சாகேல்லை’ எண்டுவீங்கள். எழும்பாட்டி ‘சாட்சி இல்லை’ எண்டுவீங்கள். இலங்கையிலயே மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961-இல் தொடங்கி வந்து வந்து, முற்பிறவி சொல்லுற பிள்ளைகளைப் பதிஞ்சிருக்கிறார். அதையும் சிபிஆர் எண்டு சொல்லுவீங்களோ?

கொட்டியாரன்:
அதில கேட்கவேண்டியது ஒரு கேள்வி: இரண்டு குடும்பமும் சந்திக்க முந்தி பிள்ளை சொன்னதை எழுதிவைச்சதா? எழுதாட்டி, சந்திச்ச பிறகு தாயும் தகப்பனும் கேட்டதையும் பிள்ளை சொன்னதையும் பிரிக்கேலாது. முந்தியே எழுதிவைச்ச சம்பவம் கொஞ்சம். அதுக்குத் தனி இழை திறவுங்கோ, வாறன். இஞ்ச 3 நிமிடம்.

சித்தாந்தப்பிள்ளை:
மறுபிறவிக்கு நினைவு சாட்சி இல்லை, வினைதான் சாட்சி. பாவநாசம் எட்டை எண்ணினாரா?

தம்பலகாமத்தான்:
உப்புவெளி, தடிதான்.

பாவநாசம்:
கையெடுத்த நேரத்தில கேட்டார். அதுக்கு ‘சில விநாடி’ எண்டு நீங்கள் போட்டதும் ஊகம்தான். உங்கட ஊகம் அறிவியல், மற்றவையின்ர ஊகம் பொய்யோ?

கொட்டியாரன்:
சில விநாடி எண்டது இயந்திரம் செய்து வைச்ச முறை, ஊகமில்லை. அதுக்குப் பிறகு 2 நிமிடம் அமத்தல். திரும்பவும் சில விநாடி. கூட்டிப் பாருங்கோ, உங்கட 3 நிமிடத்தில கை நெஞ்சில இல்லாத நேரம் கொஞ்சம்தான். அந்தப் பதிவை எழுதினவர் இதை வாசிச்சா ‘வரை’யையும் ‘சிபிஆர்’ஐயும் சேர்த்துத் திருத்தி அனுப்பட்டும். திருத்தாமல் திரும்ப வந்தா நானும் திரும்ப வருவன்.