பொருள்: பல் ‘கிரவுன்’ – மகுடமா, உறையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ராவிய பல்லின் மேல் மாட்டும் செராமிக் கிரவுன்கள் எவ்வளவு காலம் உழைக்கின்றன, போட்டுக்கொண்டவர்களுக்கு அவை பிடித்திருக்கின்றனவா என்ற கட்டுரைக்காக நம் டாக்டர் அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன்.

> கிரவுன் – பல் மகுடம்
> செராமிக் கிரவுன் – பீங்கான் மகுடம்

மகுடம் எனக்கு ஒப்பவில்லை, டாக்டர். ஈறுக்கு மேலே தெரிகிற இயற்கைப் பல்லுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். மகுடம் அதற்கே இருக்கட்டும். கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ராவி, சுற்றிலும் சிறு படி விட்டு, அதன்மேல் மாட்டி ஒட்டுகிறோமே, அது உறை. ‘பல்லுறை’ என்றால் ‘கேப்’ என்று சொல்லிப் பழகியவருக்கும் சட்டென்று விளங்கும். முன்பல் உறை, உறையோரம், உறை கழன்றுவிட்டது என்று எப்படியும் வளையும். ‘தொப்பி’ வேண்டாம்; அது உச்சியோடு நின்றுவிடும், இது ஈறோரம் வரை இறங்குகிறது. 1900களின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டில் சார்லஸ் லேண்ட் கொண்டுவந்த பீங்கான் உறைக்கு ‘ஜாக்கெட்’ என்றே பெயர் நிலைத்தது.

அவருடையது கண்ணாடித்தன்மை மிகுந்த பீங்கான், சரி. ஆனால் இன்று உறை செய்யும் சிர்கோனியா என்ற வெள்ளை ஆக்சைடில் கண்ணாடிப் பகுதி இல்லை என்றே சொல்லலாம். உறை செய்யும் இன்னொரு பொருளான லித்தியம் டைசிலிக்கேட்டோ கண்ணாடிக்குள் படிகம் வளர்த்த பொருள். அதன் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, 400 மெகாபாஸ்கலை ஒட்டி. வழக்கமான சிர்கோனியாவுக்கு 900க்கு மேல். டைசிலிக்கேட்டை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்து ஒட்டுவோம். சிர்கோனியாவிடம் அந்த வித்தை பலிக்காது. எல்லாவற்றையும் பீங்கான் என்றால் படிக்கிற மாணவர் தவறாக ஒட்டிவிடுவார்.

பொதுப்பெயராக ‘சுடுமம்’ என்று வைக்கலாமா? சிர்கோனியா உறையைச் சாக்கட்டி போன்ற மென்கட்டியில் கால்பங்கு பெரிதாகவே கடைகிறார்கள். 1,500 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்து அது சரியான அளவுக்குச் சுருங்குகிறது. பீங்கானும் சூளையில் வேகிறது, டைசிலிக்கேட்டும் சூட்டில்தான் முழுப் படிகமாகிறது. மூன்றும் சுட்டவை. எனவே சுடும உறை. அதற்குள் பீங்கான் உறை, சிர்கோனியா உறை.

அப்புறம், பட்டியலில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்கு உள்ள ‘செயல்திறன்’. மோட்டாருக்குப் பொருந்தும், வாயில் இருக்கும் உறைக்குப் பொருந்தவில்லை. ஆய்வுகளில் இரண்டு கணக்கு உண்டு: உறை வாயில் இருக்கிறதா என்பது ஒன்று, எந்தப் பழுதும் இல்லாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவது ‘நிலைப்பு’, இரண்டாவது ‘பழுதின்மை’. இவற்றைக் கலந்தால் எண்களே பொய்யாகிவிடும்.

பட்டியலில் உள்ள ‘திருப்தி’ அப்படியே இருக்கட்டும், எல்லோருக்கும் தெரிந்த சொல். அது மட்டும் தனியாக நிற்க வேண்டும். நாக்குப் பக்கத்தில் பெயர்ந்த ஒரு சில்லை மருத்துவர் பழுதென்று குறிப்பார், போட்டுக்கொண்டவருக்கு அது தெரியவே தெரியாது. ஓரம் கச்சிதமாக அமைந்த உறையும் பக்கத்துப் பல்லின் நிறத்தோடு சேராவிட்டால் அவருக்கு ஆயுசுக்கும் குறைதான்.

இன்னொன்று. சிர்கோனியாவின் மேல் பூசிய பீங்கான் பெயர்வதை டாக்டர் ‘உடைவு’ என்று எழுதியிருக்கிறார். உறையே பிளந்தால்தானே உடைவு? இதற்குச் ‘சில்லுப்பெயர்வு’ சரிவருமா? பல் லேபில் வேலை செய்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், அங்கே என்ன சொல்லிப் புழங்குகிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்