தியோமான்ல டைவிங், அன்னிக்கு ராத்திரியே கெந்திங் மலை: போகலாமா?

யீஷூன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில மகளும் நானும் சிங்கப்பூர்லேருந்து மலேசியாவோட தியோமான் தீவுக்கு டைவிங் போறோம். அவளுக்கு 16, எனக்கு 44. நீச்சல் குளத்துப் பயிற்சி இங்கேயே முடிஞ்சுது, கடல்ல இறங்குறது அங்கதான். வெள்ளி ராத்திரி பஸ், சனி காலையில மெர்சிங்ல படகு. சனி, ஞாயிறுல நாலு டைவ், திங்கள் காலையில கடைசியா ஒண்ணு.

என் வீட்டுக்காரரும் மாமியாரும் திங்கள் மதியம் காரோட மெர்சிங் வந்துடுவாங்க. அங்கிருந்து நேரா கெந்திங். மாமியாருக்கு ரொம்ப நாள் ஆசை. மலைக்குப் போய்ச் சேர ராத்திரி 10 மணி ஆயிடும். டைவிங் முடிச்சு 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாதுன்னு பயிற்றுநர் சொன்னார். "நாம கார்லதானே போறோம்"னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னவோ உறுத்திக்கிட்டே இருக்கு.

இன்னொண்ணு, டைவிங்குக்கு முன்னாடி நிரப்பிக் குடுக்க வேண்டிய மருத்துவப் படிவம். மூணு வருஷமா ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுறேன். கூட வர்ற தோழி, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னே போட்டுடு. ஒரு 'ஆமா' போட்டாலும் டாக்டர் கையெழுத்து கேப்பாங்க, பயணமே கெட்டுப் போயிடும்"ங்கிறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உட்லண்ட்ஸ்காரன்:

அக்கா, உங்களுக்கு உறுத்துறது சரிதான். மலையோட உயரத்தைப் பாருங்க. கெந்திங் ஏறக்குறைய 1,800 மீட்டர். பறக்கிற விமானத்துக்குள்ள இருக்கிற காற்றழுத்தமும் 1,800லேருந்து 2,400 மீட்டர் உயர மலையில இருக்கிற மாதிரிதான். ராத்திரி 10 மணிக்கு நீங்க கெந்திங்ல நிக்கிறதும் அந்த நேரத்துக்கு விமானத்துல உட்கார்ந்திருக்கிறதும் ஒண்ணுதான்.

இதை நான் பாலியில பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2016, துலாம்பென். அங்கே லிபர்ட்டின்னு ஒரு கப்பல் கிடக்கு. 1942ல ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி, கரைக்கு இழுத்துட்டு வந்து போட்டிருந்தாங்க. 1963ல ஆகுங் எரிமலை வெடிச்சப்போ கடலுக்குள்ள சரிஞ்சிடுச்சு. கரையிலேருந்து நடந்தே இறங்கிடலாம், படகு வேண்டாம். அதனால இறங்கிக்கிட்டே இருந்தேன், மூணு நாள்ல ஒன்பது டைவ். கடைசி நாள் காலையில 28 மீட்டர். மெதுவாத்தான் ஏறினேன். 5 மீட்டர்ல 3 நிமிஷம் நின்னுட்டுத்தான் வெளியே வந்தேன். கையில கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கையும் காட்டல.

மதியம் தெற்கே திரும்பும்போது, கிந்தாமணி வழியா போனா எரிமலை ஏரியைப் பார்க்கலாம்னு ஓட்டுநர் தம்பி சொன்னார். சரின்னுட்டோம். அந்தப் பாதை 1,500 மீட்டர் வரைக்கும் ஏறுது. மேலே காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கும்போது இடது முழங்கைக்குள்ள குடைய ஆரம்பிச்சுது. டாங்க் தூக்கினதுல பிடிச்சிருக்கும்னு நினைச்சு கோடாலித் தைலம் தேய்ச்சேன். ராத்திரி சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சு. மறுநாள் சாயங்காலம் அப்படியே விமானம் ஏறிட்டேன். அக்கா, இதைத்தான் நான் என்னிக்கும் மன்னிச்சுக்க முடியாது. பாலியிலயே டென்பசார் மருத்துவமனையில அழுத்த அறை இருக்கு. நான் யாருகிட்டயும் வாயே திறக்கல.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில சட்டைப் பொத்தான் போட முடியல. மனைவி பார்த்துட்டு அப்பவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அழுத்த அறையில கிட்டத்தட்ட 5 மணி நேரம். 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் ஏத்தி முகமூடியில சுத்த ஆக்சிஜன் குடுப்பாங்க, நடுநடுவே சாதாரணக் காத்து. அழுத்தம் ஏறும்போது வெக்கை தாங்காது, இறங்கும்போது குளிரும். மறுநாளும் போனேன். முழங்கை வலி அன்னிக்கே விட்டுது. சுண்டு விரல் சரியாக மூணு மாசம் ஆச்சு.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடும். 20 மீட்டர்ல மூணு மடங்கு. அந்த அழுத்தத்துல சுவாசிக்கிற நைட்ரஜன் ரத்தத்திலயும் கொழுப்பிலயும் கரைஞ்சிடும். கரைக்கு வந்தப்புறமும் மணிக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மூச்சு வழியா வெளியே போய்க்கிட்டு இருக்கும். அது போய் முடியுறதுக்குள்ள உயரத்துக்குப் போனா, உடம்புக்குள்ளயே குமிழாயிடும். குமிழ் நோய்ங்கிறது இதுதான். டைவர்களோட பாதுகாப்புக்குன்னு இருக்கிற டான் அமைப்பு சொல்ற கணக்கு: ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ் இல்ல பல நாள்னா 18 மணி நேரம். 600 மீட்டருக்கு மேல எங்கே ஏறினாலும் இந்தக் கணக்கையே வச்சுக்கோங்க. நான் இப்பல்லாம் 24 மணி நேரம் விடுறேன்.

கெந்திங்கை முதல்ல முடிச்சிட்டு அப்புறம் தியோமான் போங்க. இல்லேன்னா திங்கள் ராத்திரி மெர்சிங்லயே தங்கி, செவ்வாய் மதியத்துக்கு மேல மலை ஏறுங்க. டைவ் கடைக்குப் போனதும் அவசரத்துக்குன்னு வச்சிருக்கிற ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டச் சொல்லி, மீட்டர் முள்ளைப் பாருங்க. துலாம்பென்ல நான் அதைக் கேட்கவே இல்லை. வலி, மரமரப்பு, தலைசுற்றல், தோல்ல திட்டுத் திட்டா நிறம் மாறுறது, ஓய்வெடுத்தும் போகாத அசதி, எது வந்தாலும் ஆக்சிஜன் கேளுங்க, படுத்துக்கோங்க. சரியாயிடும்னு திரும்பத் தண்ணிக்குள்ள இறங்கிடாதீங்க.

தோபாயோ_மருந்தாளர்:

படிவத்தில் பொய் எழுத வேண்டாம், தயவுசெய்து. அம்லோடிபின் சாப்பிட்டு அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் பலருக்கு மருத்துவர் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத்தான் சிக்கல். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதும் கால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறும். ரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு அப்போது நுரையீரலில் நீர் கசிந்து, ஆழத்திலேயே மூச்சுத் திணறும். மருத்துவர் பார்க்க விரும்புவது இதைத்தான். ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கடைப்புக்குச் சூடோஎஃபெட்ரின் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவோரைப் பார்க்கிறேன். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உங்களுக்கு ஆகாது. அதோடு, கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல், மேலே வரும்போது காது, சைனஸ் வலி உயிர் போகும். படகுக் குமட்டலுக்கு மாத்திரை வேண்டுமென்றால், தூக்கம் வருகிறதா என்று வீட்டில் இருக்கும்போதே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வேறு யாராவது பாப்புவா, ராஜா அம்பாட் பக்கம் போவதாக இருந்தால் இதைப் படிக்கட்டும்: அங்கே மலேரியா உண்டு. தடுப்பு மருந்து கேட்கும்போது டைவிங் போகிறோம் என்று சொல்லுங்கள். மெஃப்ளோகுயின் வேண்டாம். அதன் தலைசுற்றலும் படபடப்பும் குமிழ் நோய் மாதிரியே இருக்கும், எது எதுவென்று பிரிக்க முடியாது. டாக்சிசைக்ளின் என்றால் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், படகில் கவனம். வயிற்றுப்போக்கு வந்த அன்றும் மறுநாளும் டைவிங் வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் குமிழ் நோய்க்கான வாய்ப்பு கூடும்.

ஜூரோங்_வாசி:

பயணக் காப்புறுதியில டைவிங் உண்டான்னு மட்டும் கேட்டு விட்டுடாதீங்க. எத்தனை மீட்டர் வரைக்கும், சான்றிதழ் வாங்குறதுக்கு முன்னாடி பயிற்சியில இருக்கும்போதும் உண்டா, தீவிலேருந்து தூக்கிட்டு வர்ற செலவு சேருமா, அழுத்த அறைச் செலவு சேருமா, இதையெல்லாம் எழுத்துல வாங்குங்க. படிவத்துல நோயை மறைச்சது தெரிஞ்சா இழப்பீடு கிடைக்காமலே போகலாம்.

யீஷூன்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. வீட்ல வாசிச்சுக் காட்டினேன். மாமியாரே "முதல்ல மலைக்குப் போயிட்டு வந்துடுவோம்"னுட்டாங்க. வீட்டுக்காரர் லீவை மாத்திட்டார்.

ஆனா படிவத்தைத் திரும்ப நிதானமா வாசிக்கும்போது வேற ஒண்ணு மாட்டுச்சு. மகளுக்கு தொடக்கநிலை நாலு வரைக்கும் இழுப்பு இருந்துச்சு. நீல இன்ஹேலர் வச்சிருந்தா. அப்புறம் வரவே இல்லைன்னு அவ படிவத்துல 'இல்லை' போட்டுட்டேன். சின்ன வயசுல வந்ததைச் சொல்லணுமா?

உட்லண்ட்ஸ்காரன்:

கட்டாயம் சொல்லணும் அக்கா. இது உங்க மாத்திரையை விடப் பெரிய விஷயம். இழுப்பு இருந்தா நுரையீரல்ல சின்னச் சின்னக் குழாய் சுருங்கி, காத்து உள்ளேயே மாட்டிக்கும். 10 மீட்டர்லேருந்து மேலே வர்றதுக்குள்ள அந்தக் காத்து ரெண்டு மடங்கா விரியும். வெளியேற வழி இல்லேன்னா நுரையீரல் கிழிஞ்சு குமிழ் நேரா ரத்தத்துல கலந்து மூளைக்குப் போயிடும். டாங்க் காத்து வேற குளிர்ச்சியா வறண்டு இருக்கும், அதுவே இழுப்பைத் தூண்டலாம். அதுக்காக இழுப்பு இருந்தவங்க யாருமே இறங்கக்கூடாதுன்னு இல்லை. ஓடவிட்டு, ஊதவிட்டுச் சோதிச்சு, நுரையீரல் நல்லா இருந்தா விடுறாங்க. டைவிங் மருத்துவம் தெரிஞ்சவர்கிட்ட போங்க. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில அதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு.

ஒண்ணு மட்டும். மகளைத் தனியா உட்கார வச்சு நிதானமா கேளுங்க. அந்த வயசுப் பிள்ளைங்க எல்லாத்தையும் வீட்ல சொல்றதில்லை.

யீஷூன்_அம்மா:

கேட்டேன் தம்பி. போன வருஷம் பள்ளியில நாஃபா உடற்தகுதிச் சோதனைக்கான 2.4 கிலோமீட்டர் ஓட்டம் முடிஞ்சதும் நெஞ்சு அடைச்சு, கூடப் படிக்கிற பிள்ளையோட இன்ஹேலரை வாங்கி அடிச்சிருக்கா. சொன்னா டைவிங் விடமாட்டேன்னு பயந்து மறைச்சிருக்கா. சொல்லும்போதே அழுதுட்டா, நானும்தான். படிவத்தைத் திருப்பி வாங்கி ரெண்டு பேரோடதையும் மாத்தி எழுதியாச்சு. வியாழக்கிழமை மருத்துவர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். சோதனை சரியா வரலேன்னா நானும் இறங்கல, ரெண்டு பேரும் ஸ்நோர்கல் போட்டுக்கிட்டு மேலேயே மிதந்து மீன் பார்க்கிறோம்னு சொல்லியிருக்கேன்.