அடுப்படிச் சுவரில் பழைய டைல்ஸ் பெயர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வண்ணார்பேட்டை பேரன்
2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, அடுப்படியில் கீழ் மூன்று வரிசை டைல்ஸைத் தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம். சரி, மொத்தமாக எடுத்துவிடலாம் என்று இறங்கினோம். கீழே உள்ளவை கையோடு வந்தன. மேலே இருந்த நாலங்குல வெள்ளை டைல்ஸ் அசையவில்லை. கொத்தனார் ஓங்கி ஒன்று போட்டார். டைல்ஸ் வரவில்லை, பூச்சு ஓர் ஆள் அகலத்துக்குச் சரிந்தது. உள்ளே செங்கல் இடுக்கெல்லாம் செம்மண் சாந்து. ஓட்டை விழுந்த அரிசி மூட்டை மாதிரி மண் கொட்டுகிறது, நிற்கவே இல்லை. பின்னாலிருந்து ஆச்சி, "ஏல, நிறுத்துங்கலே! மேல பரண்ல அம்புட்டு பித்தளையும் இருக்கு" என்றாள். நானும் கொத்தனாரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். இப்போது எல்லாம் பூசி முடித்தாகிவிட்டது. ஆனாலும் ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால் கண் முதலில் பரணுக்குத்தான் போகிறது.

டவுன் அண்ணாச்சி
ஓங்கிப் போட்டதே தப்பு தம்பி. எங்கள் வீட்டில் உளி மிக்ஸி பாயிண்டுக்குப் போகிற வயரில் பட்டு, நீலமாக ஒரு பொறி. அவ்வளவுதான் என் கதை. இனி கேளுங்கள். முதலில் மெயினை அணைக்கணும். பிறகு கட்டரால் ஒரு டைல்ஸின் நாலு ஓரத்தையும் கீறித் தனியாக்கணும். அந்த ஒன்றை உடைத்து எடுத்தால், பக்கத்து டைல்ஸுக்கு அடியில் உளியைச் சாய்த்து நுழைக்க இடம் கிடைக்கும். நேராகக் குத்தினால் அடி சுவருக்குத்தான். மேலிருந்து கீழே வரணும். உடைந்த சில்லு கண்ணாடி மாதிரி வெட்டும், கையுறை இல்லாமல் அள்ளக் கூடாது. மண் சாந்துச் சுவர் என்றால் இடிக்கிற பிரேக்கர் மெஷின் பக்கமே போகாதீர்கள். புதுப் பூச்சை ஒரு வாரமாவது நனைத்த பிறகுதான் டைல்ஸ்.

கல்லிடை அக்கா
கட்டர் கட்டர் என்கிறீர்களே அண்ணாச்சி, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். முகத்தில் துண்டு கட்டினால் மட்டும் போதாது. நாங்கள் உளியால்தான் எடுத்தோம், மெதுவாகத்தான். ஆனால் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் ஒரு டைல்ஸ் கழன்றது, அந்தப் பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓடினேன். பக்கத்து வீட்டு மாமியின் ஊறுகாய் ஜாடி. பங்குனியில் போட்ட மாவடு தரையெல்லாம் உருண்டு கிடந்தது. மாமி என்னைத் திட்டவே இல்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பேட்டைக்காரன்
இவ்வளவு பாடு எதற்கு? பழைய டைல்ஸ் மேலேயே பசை போட்டுப் புதுசை ஒட்டலாமே. நான் அப்படித்தான் செய்தேன். சுவிட்சுப் பெட்டி எல்லாம் கொஞ்சம் உள்வாங்கிவிட்டது, அது பரவாயில்லை.

வண்ணார்பேட்டை பேரன்
டொக்கு சத்தம் என்றுதானே எழுதினேன்? அதன்மேல் ஒட்டினால் பழசும் புதுசும் சேர்ந்து விழும். அக்கா, மாமிக்கு மாவடு வாங்கிக் கொடுத்தீர்களா?

கல்லிடை அக்கா
புது ஜாடி நிறையக் கொடுத்தேன். மறுநாளே ஜாடி திரும்பி வந்தது. கழுவி, வெறுமையாக.